அடைப்பா, கசிவா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்றால் பக்கவாதம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் உள்ளே நடந்தது என்ன என்பதைக் கோணிய வாய் காட்டிக்கொடுக்காது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், வெடித்துக் கசிந்திருக்கலாம். பெரும்பாலும் அடைப்புதான். கசிவுக்கு முதல் காரணம், கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு. பிரசவமான சில வாரங்களில் இளம்பெண்களுக்கு மூளையின் சிரைகள் அடைத்துக்கொள்வதும் உண்டு. தலைவலியும் வலிப்புமாகத் தொடங்குவதால் அதைப் பலர் பக்கவாதமாகவே எண்ணுவதில்லை.

இடது மூளை அடிபட்டால் வலது கை கால் விழும். பலருக்குப் பேச்சும் போகும். வலது மூளை அடிபட்டவர் கதை விசித்திரமானது. இலை போட்டுப் பிரியாணி வையுங்கள். வலப்பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் சோறும் கத்தரிக்காயும் அப்படியே இருக்க, ‘இன்னும் கொஞ்சம் வை’ என்பார். கண்ணில் கோளாறில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கில் எடுப்பதில்லை. இலையைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். சிறுமூளையில் பாதிப்பு வந்தாலோ கை கால் பலம் குறையாமலே நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று வீட்டிலேயே திட்டு விழும், பாவம்.

டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம், பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கிருந்த டாக்டர் ஜேக்கப் ஆப்ரஹாம் குழு வேலூர் மக்களிடையே கணக்கெடுத்து 1970-ல் வெளியிட்ட ஆய்வில், லட்சம் பேரில் சுமார் 57 பேர் பக்கவாதத்தோடு வாழ்ந்தது தெரிந்தது. அடைப்பா கசிவா என்று அன்று பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடிந்தது. மனிதத் தலைக்குள் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக எட்டிப்பார்த்ததே 1971-ல், லண்டனில்தான்.

இன்று சில நிமிடங்களில் ஸ்கேன் சொல்லிவிடும். அடைப்பென்றால், தகுந்தவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவுள்ளவருக்கு அதே ஊசி எமன். அடைப்பா கசிவா என்று தெரியாமல் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் அதனால்தான் ஆபத்து. கைவைத்தியமாகப் புறா ரத்தம் தேய்ப்பதில் பலனும் இல்லை, அந்த நாலரை மணி நேரமும் கரைந்துபோகும்.

ஏமாற்றுவது தற்காலிக அடைப்பு. ஷூ கம்பெனித் தையல் மெஷினில் தோலைப் பிடித்திருந்த கை திடீரென்று விளங்காமல் போகும்; பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். டீ குடித்துவிட்டு ஷிஃப்டை முடித்துப் போவார்கள். பெரிய அடைப்பு வரும் ஆபத்து மிக அதிகம் அதற்கடுத்த இரண்டு நாட்களில்தான்.