ஆசிரியர் கேட்க வேண்டிய அறியா வினா

அம்பாசமுத்திரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் வகுப்பு நடப்பதாக வைத்துக்கொள்வோம். "பாபநாசம் அணையின் உயரம் எத்தனை அடி?" என்று ஆசிரியர் கேட்கிறார். "143 அடி" என்று முன்வரிசையிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் எழுகின்றன. "மணிமுத்தாறு?" "118 அடி." "எல்லாருக்கும் புரிந்ததா?" "புரிந்தது, சார்" என்று வகுப்பே முழங்குகிறது. பாடம் அடுத்த பக்கத்துக்கு நகர்கிறது.

இதில் பிழை ஏதுமில்லை. ஆனால், அதே ஆசிரியர் வேறொன்றையும் கேட்டிருக்கலாம். "தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாபநாசம் அணையின் நீர்மட்டம் விறுவிறுவென ஏறுகிறது. அருகிலேயே இருக்கும் மணிமுத்தாறு அணையோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கிறது. ஏன்?" இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. மலையின் எந்தச் சரிவில் எந்தக் காற்று மோதுகிறது, எந்த ஓடை எந்த அணைக்கு வந்து சேர்கிறது என்றெல்லாம் மாணவர்கள் யோசிக்க வேண்டும். பிசான சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளரும் கடைசி வரிசைக் குழந்தைக்கும் இங்கே சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.

இவ்விரு வினாக்களுக்கும் உள்ள வேறுபாட்டை நம் இலக்கணம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றிருக்கிறது. தான் விடை அறிந்திருந்தும், பிறருக்கு அது தெரியுமா என்று அறிவதற்காகக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. முன்னதற்கு ஆசிரியர் மாணவரிடம் கேட்பதையும், பின்னதற்கு மாணவர் ஆசிரியரிடம் கேட்பதையும் எடுத்துக்காட்டாகச் சொல்வதே வழக்கம்.

அந்த எடுத்துக்காட்டுகளே நம் வகுப்பறைகளின் இயல்பாகவும் உறைந்துவிட்டன. ஆசிரியர் கேட்பதெல்லாம் அறிவினா. மாணவர் அறியா வினாவைக் கேட்பதோ அரிது. ஆனால், எவ்வளவு கற்ற ஆசிரியருக்கும் தெரியாத ஒன்று வகுப்பறையில் இருக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதே அது. அதைக் கேட்டுத்தான் அறிய முடியும். ஆகவே, ஆசிரியருக்கும் அறியா வினா தேவை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "தவறு, அடுத்து நீ சொல்" என்று ஆசிரியர் நகர்ந்துவிட்டால், சரியான விடை யாரிடமிருந்தோ வந்துவிடும்; முதல் மாணவரின் குழப்பம் அப்படியே தங்கிவிடும். "இது எப்படி வந்தது?" என்று கேட்டால், மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியதாக அவர் சொல்வார். அடுத்த வினா அதிலிருந்தே பிறக்கும்: "அரை லிட்டர் பாலில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினால், அது அரை லிட்டருக்கும் குறைந்துவிடுமா?" ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு என்பதை அந்த மாணவரே கண்டுபிடிப்பார். தவறான விடை இங்கே கற்பித்தலுக்கான வாசலாகிறது.

வினாவுக்கு இணையான முக்கியத்துவம் வினாவுக்குப் பிந்தைய அமைதிக்கும் உண்டு. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970-களில் வகுப்பறை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். வினா கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தனர். அதை மூன்று விநாடிகளாக நீட்டித்தபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த மாணவர்கள் பேசினர். மாணவர்களே வினா எழுப்புவதும் கூடியது. ஒரு பாடவேளையில் நாற்பது வினாக்கள் கேட்பதாகக் கொண்டாலும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடிகள் கூடுதலாகக் காத்திருக்க ஆகும் நேரம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்ற கவலையை இந்தக் கணக்கு பெரிதாக்கிவிடாது.

இதனால் அதிகம் பயன்பெறுபவர் யார்? வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளும், தனிவகுப்புக்குச் செல்ல வசதியும் உள்ள மாணவர் ஒரு விநாடியில் விடை சொல்லிவிடுவார். பீடி சுற்றியும் வயல் வேலை செய்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்குத்தான் அந்த மூன்று விநாடி தேவைப்படுகிறது. அது மறுக்கப்படும்போது, அவருடைய மௌனம் அறியாமை என்று வாசிக்கப்படுகிறது. நாளடைவில் அவரும் அதை நம்பத் தொடங்குகிறார். வினா கேட்கும் முறை சமூக நீதி சார்ந்ததாவது இங்கேதான்.

இவையெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரியாதவை அல்ல. வினாக்களின் படிநிலைகளை ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால், வினா கேட்பது ஒரு பழக்கம். நாம் மாணவராக இருந்தபோது நம்மிடம் கேட்கப்பட்ட விதமே நம் நாவில் படிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சொற்பொழிவால் மாற்ற முடியாது. கூடம் நிறைய ஆசிரியர்களை அமரவைத்து, திரையில் படக்காட்சி ஓட்டி, இறுதியில் "புரிந்ததா?" என்று கேட்டு முடிக்கும் பயிற்சி, எதை மாற்ற வந்ததோ அதையே மீண்டும் கற்பிக்கிறது.

பயிற்சிக்கான கட்டமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்துக்கு முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதன் கீழ்ப் படிகளாக வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் உள்ளன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்கநிலை ஆசிரியர்களைத் தொடர்ந்து பயிற்சிக்கு அழைத்துவருகிறது. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாட்டை தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசுகிறது. ஆனால், மணிக்கணக்கைவிட அந்த மணிகளில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள பாட ஆய்வு முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அங்கே ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். மாணவரின் சிந்தனையைத் தூண்டும் மைய வினா எது, அதற்கு என்னென்ன விடைகள் வரலாம், தவறான விடை வந்தால் அடுத்து என்ன கேட்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து மாணவர்களைக் கவனிக்கிறார்கள். பின்னர் கூடி விவாதிக்கிறார்கள். விவாதம் ஆசிரியரின் குறைகளைப் பற்றியதன்று. மாணவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதைப் பற்றியது.

குறுவள மையக் கூட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பகுதிகளின் ஆசிரியர்கள் ஐந்தாறு பேர், அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்துக்கு மூன்று வினாக்களை மட்டும் சேர்ந்து உருவாக்கலாம். தாம் நடத்தும் பாடத்தில் பத்து நிமிடங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து, தாம் மட்டுமே கேட்டுப்பார்க்கலாம். எத்தனை வினாக்கள் கேட்டோம், எத்தனை விநாடி காத்திருந்தோம், எத்தனை வினாவுக்கு நாமே விடை சொல்லிவிட்டோம் என்று எண்ணினால் போதும். அந்தப் பதிவைவிடக் கண்டிப்பான பயிற்றுநர் வேறு இல்லை. அடுத்த கூட்டத்தில் மாணவர்கள் சொன்ன எதிர்பாராத விடை ஒன்றை ஒவ்வொருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, எமிஸ் பதிவேற்றம் உள்ளிட்ட அலுவல் சுமைகளைக் குறைத்து, கூடிப் பேசும் நேரத்தை ஆசிரியர்களுக்கு உறுதிசெய்வது. இரண்டாவது, சக ஆசிரியரின் பார்வையிடலையும் அதிகாரியின் ஆய்வையும் முற்றாகப் பிரித்துவைப்பது. பதிவேட்டில் குறிப்பு எழுதப்படும் என்ற அச்சம் இருக்கும்வரை, எந்த ஆசிரியரும் விடை நிச்சயமில்லாத வினாவை வகுப்பில் கேட்கத் துணியமாட்டார். தவறு செய்ய அஞ்சும் ஆசிரியரால், தவறு செய்ய அஞ்சாத மாணவரை உருவாக்க முடியாது.

பயிற்றுநர்களுக்கும் இது பொருந்தும். "உங்கள் வகுப்பில் எந்த மாணவர் உங்களை வியக்கவைத்தார், எப்படி?" என்று அவர்கள் ஆசிரியரிடம் கேட்கட்டும். விடை தெரியாமல் கேட்டு, பொறுமையாகச் செவிகொடுக்கட்டும். அவ்வாறு கேட்கப்பட்ட ஆசிரியர், மறுநாள் தம் வகுப்பின் கடைசி வரிசையைப் பார்த்து அப்படியே கேட்பார். கேட்டுவிட்டு, மூன்று விநாடி காத்திருப்பார்.