குறி மரத்தில் இருக்கிறது

நம்மில் பலர் நேரில் பார்த்த ஒரே ராணுவத் துப்பாக்கி 'த்ரீ நாட் த்ரீ'யாகத்தான் இருக்கும். தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக் காவலரின் தோளில் தொங்கும், என்.சி.சி. முகாமில் கைக்கு வரும். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான். லீ–என்ஃபீல்டு என்பது அதன் பெயர். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை அதைப் பல பத்தாண்டுகள் செய்து தள்ளியது.

இந்தியாவில் அந்த ரகம் தனியாருக்குத் தடை செய்யப்பட்டது. ஆகவே அதைப் பிரித்துப் போட்டுச் சீர்செய்கிற வீட்டுப் பட்டறைகள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா பக்கம்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் உபரியான ரைஃபிள்களை அமெரிக்காவில் இருபது, முப்பது டாலருக்குத் தபாலிலேயே விற்றார்கள். 1968-ல் சட்டம் வந்து அதை நிறுத்தியது. வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரே ஆதங்கம். 100 கெஜத்தில் குண்டுகள் மூன்று, நான்கு அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. போருக்கு அது போதும்; குறிபார்க்கும் போட்டிக்குப் போதாது. இந்த வட்டத்தை எப்படிச் சுருக்குவது?

குழலை மாற்று என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கோளாறு பெரும்பாலும் இரும்பில் இல்லை, அதைத் தாங்கும் மரத்தில் இருக்கிறது.

விசையைத் தட்டியதிலிருந்து குண்டு வாயை விட்டு வெளியேற ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். அதற்குள் குழல் முழுக்க அதிர்ந்துவிடுகிறது, மேசை விளிம்பில் அழுத்தித் தட்டிவிட்ட ஸ்கேலைப் போல. ஆர்னல்ஃப் மாலக் என்ற ஆங்கிலேயர் 1901-லேயே இந்த அதிர்வைப் பற்றி ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியிருக்கிறார். அதிர்வை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி இருந்தால் போதும். மரம் ஒருநாள் குழலை இடப்பக்கம் நெருக்கி, மறுநாள் ஈரத்தில் ஊறி வலப்பக்கம் நெருக்கினால் குறி எப்படி நிற்கும்?

லீ–என்ஃபீல்டின் 'நம்பர் 4' ரகத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. வாய்க்கருகே முன்கட்டையின் நுனி குழலைக் கீழிருந்து மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாங்கல் 2 முதல் 7 பவுண்டு வரை இருக்கலாம் என்பது கணக்கு. நடுவில் குழல் எங்கும் மரத்தைத் தொடக்கூடாது. வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர் இதைச் சோதிப்பது எளிது. குழல் நுனியில் கயிற்றைக் கட்டி, சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டி மேலே இழுப்பார். குழலுக்கும் கட்டை நுனிக்கும் நடுவே செருகிய காகிதத் துண்டு எந்த எடையில் விடுபடுகிறது என்று பார்ப்பார். அரைப் பவுண்டில் விடுபட்டால் மரம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

பின்பக்கமும் பார்க்க வேண்டும். சுடும்போது வரும் உதையை வாங்குவது முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் இரண்டு சிறிய தோள்கள். எழுபது, எண்பது ஆண்டு எண்ணெய் குடித்து அந்த இடம் நைந்துவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு ஒரு மயிரிழை பின்னால் நகரும். தேய்ந்த மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, கடினமான வால்நட் துண்டை எபாக்சி போட்டு ஒட்டினால் சரியாகிவிடுகிறது. ஓர் உளியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். புதுக் குழலின் விலையில் ஒரு பங்குகூட ஆகாது.

குழலின் பங்கு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. சிப்பாய்கள் பின்கட்டைக்குள் ஒரு சுத்தக்கயிறு வைத்திருப்பார்கள். எண்ணெய்த்துணியைக் கட்டிக் குழல் வழியாக இழுப்பது வழக்கம். கோணலாக இழுத்தால் கயிறு வாயின் விளிம்பை ஒருபக்கமாக அறுத்துத் தேய்த்துவிடும். குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் வாயு ஒருபக்கம் முந்திக்கொண்டு கசிந்து அதைச் சாய்க்கிறது. உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூவில் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, மெல்லச் சுற்றி அந்த விளிம்பைச் சமப்படுத்துவது வீட்டுப் பட்டறையின் பழைய வித்தை. உள்ளே துரு வேறு இருக்கும். அக்காலத் தோட்டாவின் பற்றுமருந்து பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச்செல்லும். அது எண்ணெயில் கரையாது, காற்றின் ஈரத்தை மட்டும் இழுக்கும். குழலில் வெந்நீர் ஊற்றிய சிப்பாய்க்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வெந்நீர் பலித்தது.

இந்தத் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஜெர்மனியின் மவுசர் ரகத்தில் போல்ட்டின் பூட்டு முன்பக்கம் இருப்பதால் உடல் விறைப்பாக இருக்கும். லீ–என்ஃபீல்டில் பூட்டு பின்பக்கம். சுடும்போது உடல் சற்று வளையும். பொறியாளர்கள் இதைக் குறையாகவே எண்ணினார்கள். ஆனால் இங்கிலாந்தின் பிஸ்லி சுடுமைதானத்தில் 900, 1000 கெஜத்துக்குப் போனபோது அது எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகச் சுட்டது. காரணம் இது. எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போவதில்லை. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வாயை அடையும். அதற்குள் அதிரும் குழல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஆகவே மெதுவானது உயர்ந்த கோணத்தில் கிளம்பி, வேகமானது விழும் இடத்திலேயே போய் விழுகிறது. யாரும் திட்டமிடாத ஈடு இது. விறைப்பே துல்லியம் என்று நம்பி இதை இரும்புப் பட்டையால் இறுக்கினால் அந்த ஈடும் போய்விடும்.

செய்த வேலை பலித்ததா என்று பார்ப்பதில்தான் வீட்டுக் கைவினைஞர்கள் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மூன்று குண்டு சுட்டு, ஓர் அங்குல வட்டம் கிடைத்தால் போதும், சந்தோஷமாக அட்டையை வெட்டிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதே துப்பாக்கியில் பத்து குண்டு சுட்டால் வட்டம் சராசரியாக ஒன்றரை மடங்கு விரியும். இது வெறும் புள்ளியியல். மூன்றில் தெரிந்த முன்னேற்றம் முழுக்க அதிர்ஷ்டமாக இருக்கலாம். கட்டையை ஒருமுறை மாற்றினால் பத்து குண்டாவது சுட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் மாற்றுவதற்கு முன்னும் பின்னும்.

மரத்தின் அருமை தெரியாமல் 1950-களில் நடந்த கொடுமையும் உண்டு. வேட்டைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளின் முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து எறிந்தார்கள். குழலைத் தாங்கிய நுனியும் அதோடு போயிற்று. இன்று அவற்றைப் பழையபடி ஆக்க நினைப்பவர்கள் அறுபடாத ஒரு முன்கட்டைக்கு அலைகிறார்கள். அன்று முழுத் துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்து வாங்குகிறார்கள்.