தச்சுக் கலையும் தொலைக்காட்சி ஆசிரியர்களும்

மணப்பாறை என்றதும் தமிழ் மக்களின் நினைவில் முதலில் எழுவது மாடு. அடுத்து எழுவது முறுக்கு. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் உள்ள இவ்வூரின் மாட்டுச் சந்தை நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ என்னும் திரைப்படத்திற்காக அ. மருதகாசி இயற்றி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டு ஒன்று, மணப்பாறை மாட்டின் பெயரை வானொலி வழியாக ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. அது கேட்டு இன்புறுவதற்கு மட்டும் உரிய பாட்டு அன்று. உழவு தொடங்கி விளைந்ததை விற்பது வரையில், வேளாண்மையின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் பாட்டு அது.

மாணவ நண்பர்களே! இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. ஒரு தொழிலைக் காற்றின் வழியே கற்பிக்க முடியுமா? முடியுமாயின், கற்பிப்பவர் மாறும்போது அக்கல்வி என்ன ஆகின்றது? மாட்டை விட்டு, அம்மாடு இழுக்கும் வண்டியையும், வண்டியைச் செய்யும் தச்சரையும் எண்ணிக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கப் பெற்றது. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியபோது, அதன் பயிர்முறைகளை உழவர்கள் இந்நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரும் இட்டனர். அவர்கள் ஒலிபரப்பில் பேசிய எவர் பெயரையும் நெல்லுக்குச் சூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதைக்கும் காலம், இடவேண்டிய உரத்தின் அளவு, நீர் பாய்ச்சும் முறை ஆகியவை சொல்லாலே உணர்த்தத் தக்கவை. சொல்பவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர், செய்தி மாறுவதில்லை.

தச்சுத் தொழிலோ அத்தகையது அன்று. மாட்டுவண்டியின் மரச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது குடம்; அதிலிருந்து கதிர்போல் விரிபவை ஆரக்கால்கள்; அவற்றின் முனைகளைத் தாங்கி வளைந்து நிற்பவை வட்டைகள். இவையனைத்தையும் இறுகப் பிணைப்பது வெளியே பூட்டப்படும் இருப்புப் பட்டா. பட்டாவின் சுற்றளவு, சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். அதை நெருப்பிலிட்டுக் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

இதில் ஒரு பகுதி உங்கள் பௌதிகப் பாடத்திலேயே உள்ளது. சக்கரத்தின் விட்டம் ஒன்றரை மீட்டர் எனக் கொள்வோம். பட்டாவின் நீளம் ஏறக்குறைய 4.7 மீட்டர் ஆகும். இரும்பு, ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு அளவுக்கு நீளும். 500 பாகை ஏற்றினால் பட்டா சுமார் 28 மில்லிமீட்டர் நீளும். இக்கணக்கை வானொலியிலும் சொல்லலாம். ஆனால் இந்த மரத்திற்கு, இந்தச் சக்கரத்திற்கு எவ்வளவு குறைத்து வளைப்பது, எந்த நிறத்தில் இரும்பைத் தீயிலிருந்து எடுப்பது, எந்த நொடியில் நீர் விடுவது என்பவற்றைக் கண்ணும் கையும்தான் கற்க வேண்டும். கணக்கு அறிவின் பாற்பட்டது. கணிப்பு பழக்கத்தின் பாற்பட்டது. தொழில் என்பது இவ்விரண்டும் கூடியதே.

வானொலியால் காட்ட இயலாத கையைத் தொலைக்காட்சி காட்டிற்று. மரவேலைத் தொடர்கள் நெடுங்காலம் தழைத்த நாடு அமெரிக்கா. 1979-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ என்னும் தொடரைத் தொடங்கியது. பழைய வீடு ஒன்றைப் படிப்படியாகப் புதுப்பிப்பதே அதன் கதை. அதனை உருவாக்கியவர் ரஸ்ஸல் மொராஷ். தலைமைத் தச்சராக அதில் தோன்றியவர் நார்ம் ஏப்ரம். இவரை மொராஷ் தேர்ந்தெடுத்த வரலாறு சுவையானது. மொராஷின் வீட்டில் ஏப்ரம் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே கழிவாகக் கிடந்த மரத்துண்டுகளின் குவியல் மிகச் சிறியதாய் இருப்பதை மொராஷ் கண்டார். அளந்து அறுப்பவனுக்குக் கழிவு குறைவு. பேச்சை வைத்தன்றிக் கழிவை வைத்து ஓர் ஆசிரியரை அவர் கண்டுகொண்டார்.

இத்தொடரில் இரண்டு இருக்கைகள் இருந்தன எனலாம். ஒன்று, செய்து காட்டும் தச்சருடைய இருக்கை. மற்றொன்று, பார்ப்பவர் சார்பில் கேள்வி கேட்கும் தொகுப்பாளருடைய இருக்கை. தொகுப்பாளராக முதலில் இருந்தவர் பாப் விலா. அவர் வேறொரு வணிக விளம்பரத்தில் தோன்றியதை நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தவர் விரும்பாமற் போகவே, 1989-ஆம் ஆண்டில் அவர் விலகினார். மக்கள் நன்கு அறிந்த முகம் அது. தொடர் அத்துடன் முடிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும், ஆனால் முடியவில்லை.

அடுத்து வந்தவர் ஸ்டீவ் தாமஸ். அவர் பசிபிக் பெருங்கடலின் சதவால் தீவிற்குச் சென்று, கருவிகளின்றி விண்மீனையும் அலையையும் கொண்டு கடலில் வழி காணும் கலையை மௌ பியாலக் என்னும் மாலுமியிடம் பயின்று, அதைப் பற்றி நூலும் எழுதியவர். ஒரு பெரியவரின் அருகே அமர்ந்து கற்கத் தெரிந்தவருக்கு, ஒரு தச்சரின் அருகே நின்று கேட்கத் தெரியாமற் போகுமா? 2003-ஆம் ஆண்டு வரையில் அவர் அப்பணியைச் செய்தார். அவருக்குப் பின் வந்த கெவின் ஓ கானர் தச்சருமல்லர், நடிகருமல்லர். வங்கியில் பணி புரிந்தவர். தம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அகற்ற வழி தெரியாமல் இந்நிகழ்ச்சியினருக்கு எழுதி உதவி கேட்டவர். கேட்கும் நேயரே கேள்வி கேட்கும் இருக்கையில் அமர்ந்தார்!

தொகுப்பாளர் மூவர் மாறியும் தொடர் நிலைத்ததற்குக் காரணம் யாது? செய்து காட்டுவோரின் இருக்கை அசையாமல் இருந்ததே காரணம். நார்ம் ஏப்ரம் 2022-ஆம் ஆண்டில்தான் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே டாம் சில்வா போன்ற பிற கைத்தொழில் வல்லுநர்கள் பல ஆண்டுகள் அவருடன் நின்று பழகியிருந்தனர். ஆகவே அந்த இருக்கையும் வெறுமையாகவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியையும் காண்போம். அதே ஏப்ரம், 1989 முதல் 2009 வரையில் ‘நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்’ என்னும் தொடரைத் தனியே நடத்தினார். மேசை, அலமாரி, நாற்காலி என ஒவ்வொரு பொருளாகச் செய்து காட்டினார். இங்கே செய்பவரும் அவரே, விளக்குபவரும் அவரே. அவர் நிறுத்தியபோது தொடரும் நின்றது. 2010-ஆம் ஆண்டில் ‘ரஃப் கட்’ என்னும் மரவேலைத் தொடர் டாமி மெக்டொனால்டைக் கொண்டு எழுந்தது. அது 2018-இல் டாம் மெக்லாக்லினிடம் வந்தபோது, ஆசிரியர் மாறியதற்கேற்பத் தொடரின் பெயரும் சற்று மாறியது. ஒருவரையே தூணாகக் கொண்ட வீட்டில் தூணை மாற்றுவது அத்துணை எளிதன்று.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. வட கரோலினாவில் ராய் அண்டர்ஹில் என்பவர், மின்பொறி எதுவும் தொடாமல் கைக்கருவிகளைக் கொண்டே வேலை செய்து காட்டும் ‘உட்ரைட்ஸ் ஷாப்’ என்னும் தொடரை 1979-இல் தொடங்கினார். 1981 முதல் அது நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. இடையில் பெரிதும் நிறுத்தாமலே படம் பிடித்ததால், மூச்சு வாங்குவதும், சில வேளைகளில் விரலில் உளி பட்டுக் குருதி கசிவதும் மறையாமல் தெரிந்தன. 2017-ஆம் ஆண்டில் தொடர் முடிந்தது. அவருக்குப் பின் அவ்விடத்தில் ஒருவரும் அமரவில்லை. எனினும் அவர் பிட்ஸ்பரோ என்னும் சிற்றூரில் ஒரு தச்சுப் பள்ளியை நிறுவி, மாணவர்களை நேரில் அமர்த்திப் பயிற்றினார். திரையில் விட்ட இடத்தைப் பட்டறையில் நிரப்பினார்.

திரையில் தோன்றும் ஆசிரியருக்குப் பெரும் பொறுப்பும் உண்டு. இங்கிலாந்தில் 1950-களிலும் 1960-களிலும் பாரி பக்னெல் என்பவர் பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு மரவேலைகளைக் கற்பித்தார். பழைய கதவுகளின் வேலைப்பாட்டைத் தட்டையான அட்டைப் பலகையால் மூடும் வழியை அவர் காட்டினார். அதைப் பின்பற்றி அந்நாட்டு வீடுகள் பலவற்றில் அழகிய கதவுகள் மூடப்பட்டன. பிற்காலத்தார் அப்பலகைகளைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. பட்டறையில் ஆசிரியர் காட்டும் வழி பத்து மாணவரோடு நிற்கும். திரையில் காட்டும் வழி பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்துவிடும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் தச்சுப் பட்டறைகளில் ஆசிரியர் மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. பட்டறையில் சேரும் சிறுவன் முதலில் மரத்தைப் பிடித்துக்கொள்வான்; பின் உளி தீட்டுவான்; அதன்பின் இழைப்புளி பிடிப்பான்; துளையிடக் கற்பான்; இறுதியில்தான் அளவு குறிப்பான். மூத்தவர் கை தளரும் காலத்தில் இளையவன் கை தேர்ந்திருக்கும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் ஒரே கட்டையிலிருந்து தெய்வ உருவங்களைச் செதுக்கும் கலை இவ்வாறே கைமாறி வந்துள்ளது. அமெரிக்கத் தொடரும் காலம் கடந்து இவ்வழிக்கே வந்தது. 2017-ஆம் ஆண்டில் இளைஞர் சிலரைத் தொழில் பழகுநராகச் சேர்த்து, அவர்கள் வல்லுநரோடு நின்று கற்பதையே நிகழ்ச்சியின் பகுதியாக்கியது. கைத்தொழிலுக்கு இளைஞர் வருவது குறைகின்றதே என்னும் கவலை அங்கும் உண்டு.

அக்கவலை நமக்கு இன்னும் மிகுதியாக இருக்க வேண்டும். மணப்பாறைப் பக்கத்துச் சாலைகளில் இன்று ரப்பர்ச் சக்கரங்களும் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. மரச் சக்கரம் தேவையற்றுப் போகும்போது, சக்கரத்தைச் செய்யும் கையும் மெல்ல ஓய்கின்றது. அக்கையின் திறனைப் படம் பிடித்து வைப்பது நல்லதே. ஆனால் படம் ஒரு சான்று மட்டுமே, வாரிசு ஆகாது. மூத்த தச்சர் ஒருவர் வேலை செய்வதை நூறு மணி நேரம் படம் பிடித்தாலும், அவர் அருகில் ஓராண்டு நின்ற இளைஞன் ஒருவன் பெற்ற அறிவுக்கு அது ஈடாகாது.

ஆதலால் மாணவர்களே, மரவேலை நிகழ்ச்சி எதையேனும் நீங்கள் காணும்போது மூன்றினைக் கருத்திற் கொள்ளுங்கள். முதலாவதாக, முகத்தைக் காண்பதைவிடக் கையைக் காணுங்கள். கட்டையின் இழை எத்திசையில் ஓடுகின்றது, இழைப்புளி எத்திசையில் செல்கின்றது என்று நோக்குங்கள். இரண்டாவதாக, ஆசிரியர் சொல்லும் காப்பு முறைகளைப் புறக்கணியாதீர்கள். ஏப்ரம் ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுமாறு தவறாமல் நினைவூட்டினார். அதனை வெறும் சடங்கென்று எண்ணிவிடலாகாது. மூன்றாவதாக, கண்டதை ஒரு சிறு கட்டையிலேனும் செய்து பாருங்கள். ஒரு கட்டையில் துளையும் மற்றொன்றில் அதற்கேற்ற நாக்கும் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். முதல் முறை ஆடும். ஐந்தாம் முறை இறுகும். அந்த நான்கு முறைகளின் பாடத்தை எந்தத் திரையும் தர இயலாது.

நிகழ்ச்சியை நடத்துபவர் மாறும்போது வருந்துவது இயல்பு. பழகிய குரல் ஒன்று பிரிகின்றது அன்றோ? ஆயினும் அவர் கற்பித்த தொழில் நம் கையில் ஏறியிருந்தால், அவர் முற்றும் பிரிந்தவராகார். ரேடியோ நெல்லை விதைத்த உழவர் நெல்லைப் பெற்றனர். பேசியவர் பெயரை மறந்தால்தான் என்ன? தச்சுக் கலையிலும் நாம் பெறவேண்டியது விளைச்சலே. அது கைவழி வருவதாகையால், உங்கள் ஊரில் உளி பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கும்போதே அவர் பட்டறைக்குச் சென்று, அருகில் நின்று, கேள்வி கேளுங்கள்.