விற்பனையும் ஒரு பாடமே: மாணவர் போடும் கணக்கு விவசாயிக்கும் உதவும்

காவிரி டெல்டா விவசாயிகளுக்கு நெல் சாகுபடியை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த வயலுக்கு எந்த ரகம் ஏற்றது, நாற்றை எத்தனை நாளில் பறிக்க வேண்டும், தண்ணீரை எப்போது வடிக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். ஆனால், சென்ற சம்பாவில் ஒரு மூட்டை நெல்லின் அடக்க விலை என்ன என்று கேட்டால், சரியாகச் சொல்லக்கூடியவர் சிலரே. விளைவிப்பதில் உள்ள தேர்ச்சி கணக்கு வைப்பதிலும் விற்பதிலும் இல்லாததால், நல்ல மகசூல் கண்ட ஆண்டிலும் கையில் பணம் தங்குவதில்லை.

இந்தக் குறையைப் போக்கும் பாடம் ஒன்று இப்போது வேளாண்மைக் கல்லூரிகளில் நடைபெறுகிறது. மாணவர்கள் தாங்களே ஒரு பொருளை உற்பத்தி செய்து, விற்று, வரவு செலவு எழுதிக் காட்டுகின்றனர். இதில் உள்ள முறையைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள எந்த விவசாயக் குடும்பமும் வீட்டிலேயே கடைப்பிடிக்கலாம்.

கல்லூரியில் நடப்பது என்ன?

கையில் நோட்டுப் புத்தகத்துடன் கிராமங்களுக்கு வந்து தங்கி, விவசாயிகளிடம் விவரம் கேட்கும் வேளாண் மாணவ மாணவியரை டெல்டாவில் பலரும் பார்த்திருப்பர். அது கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டமாகும். அதனுடன் சேர்ந்த மற்றொரு பகுதிதான் செயல்முறைத் தொழில் பயிற்சி. இவ்விரண்டும் அடங்கிய 'ஸ்டூடன்ட் ரெடி' என்ற திட்டம் 2015 ஜூலை 25 அன்று தொடங்கப்பட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இது இடம்பெறுகிறது.

இப்பயிற்சியில் மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கின்றனர். காளான் வளர்ப்பு, மண்புழு உரம், உயிர் உரம், நாற்றங்கால், விதை உற்பத்தி போன்றவை வழக்கமான தொழில்களாகும். முதலில் அது பற்றிப் படித்துத் திட்ட அறிக்கை எழுத வேண்டும். பின்னர் மூலப்பொருள் வாங்கி, உற்பத்தி செய்து, பொட்டலமிட்டு, வாடிக்கையாளரைத் தேடி விற்க வேண்டும். முடிவில் கிடைக்கும் லாபத்தில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. பொருள் நன்றாக விளைந்தாலும் விற்பனையாகாவிட்டால் கணக்கில் நஷ்டம்தான் தெரியும்.

புத்தகமும் களமும்

படிப்பையும் பண்ணையையும் இவ்வாறு இணைப்பது புதிய முறையன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வேளாண் பள்ளி ஒன்றில் 1908-ல் பொறுப்பேற்ற ரூபஸ் ஸ்டிம்சன் என்ற ஆசிரியர், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பண்ணையில் ஒரு வேலையை மேற்கொண்டு, அதற்குக் கணக்கும் வைக்க வேண்டும் என்ற முறையைப் புகுத்தினார். அது பிற்காலத்தில் அந்நாட்டின் வேளாண் பள்ளிகளில் பரவியது.

தஞ்சைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, அமெரிக்காவில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் படித்தார். நாடு திரும்பிய பின் குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியரான அவர், வகுப்பறையோடு நிற்கவில்லை. 1929-30-ல் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களின் வரவு செலவைத் திரட்டினார். விவசாயி உழைத்தும் ஏன் ஏழையாக இருக்கிறான் என்ற கேள்விக்கு அவர் வீட்டுக் கணக்கிலேயே விடை தேடினார். உணர்ச்சியால் பேசுவதைவிட எண்களால் பேசுவது வலிமையானது என்பதை அம்மாணவர்கள் கண்கூடாகக் கற்றனர்.

காளான் படுக்கையில் கற்கும் கணக்கு

நெல் அறுவடை முடிந்ததும் டெல்டாவில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதை மூலப்பொருளாகக் கொண்ட சிப்பிக் காளான், மாணவர் செய்து பார்க்க ஏற்ற தொழிலாகும். வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, நீர் சொட்டாத ஈரப்பதம் வரும் வரை உலர்த்த வேண்டும். பின்னர் பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் வித்துமாக அடுக்கடுக்காக இட்டுக் கட்டி, பையில் சிறு துளைகளிட வேண்டும். சுமார் 15 முதல் 20 நாட்களில் வெண்மையான பூசண இழை பை முழுவதும் பரவும். அதன்பின் பையைக் கிழித்து நீர் தெளித்து வந்தால் காளான் அறுவடைக்கு வரும். ஒரு படுக்கையின் ஆயுள் ஏறக்குறைய 45 நாட்கள். கோடை வெயிலில் இது கடினம்; தை, மாசி மாதங்கள் வசதியானவை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிட வேண்டும்.

ஒரு மாணவி 20 படுக்கைகள் போடுவதாகக் கொள்வோம். காளான் வித்து ரூ.400, பை ரூ.60, வைக்கோல் ரூ.60, விறகு ரூ.80, பொட்டலச் செலவு ரூ.100, கொட்டகையின் தேய்மானப் பங்கு ரூ.100. ஆக மொத்தம் ரூ.800. படுக்கைக்கு அரைக் கிலோ வீதம் 10 கிலோ காளான் கிடைத்து, கிலோ ரூ.200-க்கு விற்றால் வரவு ரூ.2,000. கையில் ரூ.1,200 மிச்சம். பெரும்பாலோர் இதையே லாபம் என்று கருதுவர்.

ஆனால் படுக்கை தயாரிக்க ஐந்தரை மணி நேரமும், தினமும் நீர் தெளித்துக் கவனிக்க அரை மணி வீதம் 45 நாளைக்கு இருபத்திரண்டரை மணி நேரமும் ஆகின்றன. மொத்தம் 28 மணி. மணிக்கு ரூ.50 கூலி என்று போட்டால் ரூ.1,400. இதைச் சேர்த்தால் செலவு ரூ.2,200, வரவைவிட ரூ.200 அதிகம். அதாவது நஷ்டம். சொந்த வைக்கோலுக்கும் சொந்த உழைப்புக்கும் விலை போடாதவரை இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது.

இதையே 40 படுக்கைகளாகப் பெருக்கினால் பொருட்செலவு இரட்டித்து ரூ.1,600 ஆகும். ஆனால் உழைப்பு இரட்டிப்பதில்லை. தயாரிப்புக்கு 10 மணியும், தினமும் 40 நிமிடம் வீதம் 30 மணியுமாக 40 மணி போதும், கூலி ரூ.2,000. மொத்தச் செலவு ரூ.3,600, 20 கிலோவுக்கு வரவு ரூ.4,000, லாபம் ரூ.400.

இங்கே மற்றொரு பாடமும் உண்டு. காளான் விரைவில் கெடும் பொருள். அந்த 20 கிலோவில் 2 கிலோ விற்காமல் கெட்டுவிட்டால் ரூ.400 போய்விடும், லாபம் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே படுக்கை போடும் முன்பே யார் வாங்குவார், எந்தக் கிழமையில் எவ்வளவு வாங்குவார், ரொக்கமா கடனா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். விளைந்த பின் வாடிக்கையாளரைத் தேடினால் விலையை அவரே நிர்ணயிப்பார்.

நெல்லுக்கும் இதே முறை

இம்முறையை நெல்லுக்குப் பொருத்திப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. மத்திய அரசின் ஆதரவு விலையுடன் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து, 2025-26 கொள்முதல் பருவத்திற்குக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் ரூ.2,500, சன்ன ரகம் ரூ.2,545 என்று தமிழகத்தில் அறிவிக்கப்பட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடாமல், அரிசியாக்கி விற்றால் கூடுதல் வருவாய் வரும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது உண்மையா என்பதைக் கணக்கே சொல்லும்.

ஒரு குவிண்டால் சாதாரண நெல்லை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் கிடைத்திருக்கக்கூடிய ரூ.2,500-ஐ முதல் செலவாக எழுத வேண்டும். நெல் சொந்த வயலில் விளைந்ததாயினும் அதன் விலையை விட்டுவிடக் கூடாது. அவித்துக் காயவைத்து அரைக்க ரூ.250, சாக்கு மற்றும் பொட்டலம் ரூ.60, வண்டி வாடகை ரூ.80 ஆகிறது என்று கொள்வோம். அரிசி விற்றுத் தீர மூன்று மாதம் ஆனால், அதுவரை முடங்கும் ரூ.2,500-க்கு ஆண்டுக்கு 12 சத வட்டியில் ரூ.75. மொத்தம் ரூ.2,965.

கிராமத்து மில்லில் 62 கிலோ அரிசி கிடைத்தால், கிலோ அடக்கம் ஏறக்குறைய ரூ.48. விற்கச் செலவிடும் நேரத்தின் கூலி இதில் சேரவில்லை. எனவே ரூ.48-க்குக் கீழே விற்பவர், கொள்முதல் நிலையத்தில் கிடைப்பதைவிடக் குறைவாகவே பெறுகிறார். வட்டிக்கு வாங்கிய பயிர்க் கடனோ நகைக் கடனோ தலைக்கு மேல் நிற்கும்போது அரிசியாக்கிக் காத்திருப்பது அபாயமானது.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி போன்ற பாரம்பரிய ரகங்களின் நிலை வேறு. கொள்முதல் நிலையத்தில் இவற்றுக்குத் தனி மதிப்பு இல்லை. ஆனால் விரும்பி வாங்குவோர் நகரங்களில் உண்டு. மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்கள் இத்தகைய ரகங்களின்பால் பலரது கவனத்தைத் திருப்பின. எனினும் இங்கும் மகசூல் குறைவு, பயிர் சாய்தல், நீண்ட வயது ஆகியவற்றைச் செலவில் சேர்த்த பிறகே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் தொடங்கும் முறை

பத்தாம் வகுப்போ பிளஸ் ஒன் வகுப்போ படிக்கும் மகனோ மகளோ உள்ள வீட்டில் பின்வருமாறு தொடங்கலாம்.

1. ஒரே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடியக்கூடியதாக இருப்பது நல்லது. கீரை, மண்புழு உரம், காய்கறி நாற்று, காளான் ஆகியவை ஏற்றவை.

2. முதலில் படிக்க வேண்டும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் நூலில் முதற்குறிப்பேடு, பேரேடு ஆகியவை விளக்கப்பட்டுள்ளன. ஊரில் பெரியவர்கள் சிட்டை என்று சொல்வதும் அன்றாட வரவு செலவைக் குறித்து வைக்கும் ஏடுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'உழவரின் வளரும் வேளாண்மை' இதழிலும் தொழில்நுட்பச் செய்திகள் வருகின்றன.

3. நோட்டில் ஆறு பத்திகள் போதும்: தேதி, விவரம், ரொக்கச் செலவு, சொந்தப் பொருளின் மதிப்பு, உழைத்த நேரம், வரவு. அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு பயன்படாது.

4. கடனுக்குக் கொடுத்ததைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். பணம் கைக்கு வரும் வரை அது வரவாகாது.

5. கடன் வாங்கித் தொடங்கக் கூடாது. முதல் முயற்சியில் இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையே முதலீடாக இருக்க வேண்டும்.

6. உணவுப் பொருளைப் பொட்டலமிட்டுத் தொடர்ந்து விற்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உழவர் சந்தையில் விற்க விவசாயியின் பெயரில் அடையாள அட்டை பெற வேண்டும்.

காளான், மண்புழு உரம் போன்றவற்றுக்கான பயிற்சி பற்றி நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரிக்கலாம். நெல், அரிசி பதப்படுத்துதல் குறித்துத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவோர் மற்றும் மேலாண்மை நிறுவனத்தை அணுகலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

இந்த முயற்சி பிள்ளையின் படிப்புக்கு இடையூறாகக் கூடாது. பள்ளி நேரத்தில் விற்பனைக்கு அனுப்புவது தவறு. வாரத்தில் சில மணி நேரமே போதுமானது. நஷ்டம் வந்தால் கடிந்துகொள்ளாமல், எந்த இடத்தில் வந்தது என்று நோட்டைப் புரட்டிச் சேர்ந்து பார்க்க வேண்டும். நூறு ரூபாய் நஷ்டத்தில் கற்ற பாடம், பின்னாளில் ஆயிரக்கணக்கில் இழக்காமல் காக்கும்.

பிள்ளையின் நோட்டு நிரம்பிய பின், அதே பத்திகளைக் கொண்டு அடுத்த குறுவைக்கோ சம்பாவுக்கோ ஒரு மா நிலத்தின் கணக்கை மட்டும் எழுதச் சொல்லலாம். விதை, உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை, கூலி, வட்டி, வீட்டார் உழைப்பு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். அறுவடை முடிந்ததும் மொத்தச் செலவைக் கிடைத்த மூட்டைகளால் வகுத்தால் மூட்டைக்கு அடக்க விலை தெரிந்துவிடும். வியாபாரி களத்துக்கு வந்து விலை கேட்கும்போது, எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதை விவசாயி தயங்காமல் சொல்லலாம்.