தியத்தலாவையில் அடைபட்ட போயர்கள்

அட்டன், நானுஓயா, பட்டிப்பொல தாண்டி ஹப்புத்தளைக்கு அடுத்து வருகிறது தியத்தலாவை. இராணுவப் பயிற்சிக்குப் பேர்போன ஊர். 1900 ஆகஸ்டில் இந்த மலைப்பாதை ரயில் வேறொரு கூட்டத்தை ஏற்றி வந்தது. தென்னாபிரிக்கப் போரில் பிரித்தானியரிடம் பிடிபட்ட, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர் வீரர்கள்; போர் முடிவதற்குள் இலங்கைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்.

தகரக் கொட்டகை, சுற்றிலும் முள்கம்பி, அதற்கப்பால் மானாப்புல் மலை. சமவெளியில் குதிரையேறித் திரிந்த விவசாயிகளுக்கு இங்கே பொழுது போகவில்லை. மரத்தில் கைத்தடியும் சுங்கானும் செதுக்கினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், 1901இல் ஓர் அணி கொழும்புக்கே போய்க் கிரிக்கெட் ஆடியது. ஆனால் ஊர் நினைப்பு விடுமா? அதே ஆண்டு ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலேயே வைக்கப்பட்டிருந்த ஐவர் இரவில் கடலில் குதித்து ரஷ்யக் கப்பலொன்றுக்கு நீந்தினார்கள்; ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி தென்னாபிரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

மற்றவர்கள் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அதையும் தணிக்கை அதிகாரி படித்த பிறகே தருவார். ஊரில் பிரித்தானியப் படை பண்ணை வீடுகளைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்திருந்தது. அங்கே மாண்ட போயர்கள் சுமார் 28,000 பேர்; பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். இங்கே ஏங்கியவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடே மிஞ்சவில்லை.

இரங்கலாம், ஆனால் இவர்களும் அப்பாவிகள் அல்லர். இவர்களுடைய குடியரசுகளில் ஒன்றான டிரான்ஸ்வால் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியருக்குக் குடியுரிமையை மறுத்திருந்தது. போரில் காந்தி திரட்டிய சுமார் 1,100 பேர் கொண்ட ஆம்புலன்ஸ் படையில் பெரும்பகுதி நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். தமிழர் நிறைந்த கூட்டம் அது. அவர்கள் டோலி சுமந்தது பிரித்தானியருக்காக.

1902 மே 31இல் போர் ஓய்ந்தது. பிரித்தானிய முடிக்கு விசுவாசம் என்று ஒப்பமிட்டால் கப்பல் ஏறலாம். பெரும்பாலோர் போனார்கள். டைபாய்டு முதலிய நோய்களால் மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். ஒப்பமிட மறுத்த எங்கெல்பிரெக்ட் என்பவர் அம்பாந்தோட்டையில் குடியேறி, யால சரணாலயத்தின் முதல் காப்பாளரானார்.

கைதிக்காவது ஒரு கையெழுத்தில் வழி திறந்தது. அக்கம்பக்கத் தோட்ட லயன்களில் இருந்த தமிழர் கைதிகள் அல்லர் என்பது ஏட்டில்தான். கங்காணியிடம் பட்ட கடனைக் கட்டினால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. சொல்லாமல் விலகினால் சிறை. அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்தான்.