திறன்பேசி வாங்குமுன் சிந்திப்போம்

2024 ஜனவரி முதல் கையடக்கத் தொலைபேசிகளுக்கும் 18 சதவீத வற் வரி விதிக்கப்பட்டதால், நடுத்தர விலைத் திறன்பேசியும் வன்னிக் குடும்பங்களுக்குப் பெருஞ்செலவாகிவிட்டது. பிள்ளைகளின் கல்விக்கும் வெளிநாட்டு உறவுகளுடன் பேசவும் அது அவசியமே. ஆயினும், தவணைக்கடனில் வாங்குமுன் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் நன்கு சிந்திக்க வேண்டும். வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது.

மலிவென்று பதிவற்ற கருவியை வாங்குவதும் நட்டமே. 2025 ஜனவரி 28 முதல் அத்தகைய புதிய கருவிகளுக்கு இணைப்புக் கிடையாதெனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அறிவித்தது. ஐ.எம்.ஈ.ஐ. என ஆங்கில எழுத்துகளில் இட்டு, இடைவெளிவிட்டு, பெட்டியிலுள்ள 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் உண்மை தெரியும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். கையிலுள்ள தொலைபேசி, மின்கலம் மாற்றினால் இன்னும் உழைக்குமாயின், புதியது காத்திருக்கட்டும்.