மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி... மனநோய்க்கான ‘டெப்போ’ மருந்து பாதுகாப்பானதா? வீட்டில் கவனிக்க வேண்டியவை என்ன?

"மாத்திரை போட்டாச்சா?" மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி பல நாள் சண்டையில்தான் முடியும். "எனக்குத்தான் சரியாகிடுச்சே" என்று நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ, காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், தூக்கமின்மை என நோய் திரும்பி வருகிறது.

இவர்களுக்காக இருப்பதுதான் ‘டெப்போ’ எனப்படும் நீண்ட நாள் ஊசி.

எப்படி வேலை செய்கிறது?

ஃப்ளூஃபெனசின் டெகனோயேட், ஹாலோபெரிடால் டெகனோயேட் ஆகிய பழைய ஊசிகளில் மருந்து நல்லெண்ணெயில் கலந்திருக்கும். இடுப்புத் தசையில் ஆழமாகப் போட்டதும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். மருந்தைப் பொறுத்து 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். பாலிபெரிடோன் போன்ற புதிய ஊசிகள் எண்ணெய் கலக்காதவை. அதில் மாதம் ஒருமுறை, 3 மாதத்துக்கு ஒருமுறை என வகைகள் உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மாத்திரை ஒத்துக்கலைன்னா மறுநாளே நிறுத்திவிடலாம். ஊசி உள்ளே போயிட்டா திரும்ப எடுக்க முடியாது. பக்கவிளைவு வந்தால் அது வாரக்கணக்கில் நீடிக்கலாம். அதனால்தான் போடுவதற்கு முன்பே கவனம் தேவை.

போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து, உடல் ஏற்கிறதா என டாக்டர் பார்ப்பது வழக்கம்.
* எள், நல்லெண்ணெய் அலர்ஜி இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.
* சுகர், இதய நோய், வலிப்பு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, சாப்பிடும் மற்ற மாத்திரைகள் என எதையும் மறைக்கக் கூடாது.
* ஞாபகமறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டும் என்ற எச்சரிக்கை உள்ளது. "தாத்தா ராத்திரி தூங்க மாட்டேங்கிறார்" என்பதற்கெல்லாம் இது தீர்வு அல்ல.

ஊசி போடும் நாளில்...

தசையில் மட்டுமே போட வேண்டிய மருந்து இது. நரம்பில் ஏற்றவே கூடாது. பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோதான் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஓலன்சபின் பமோயேட் என்ற ஊசிக்கு மட்டும் தனி விதி உண்டு: போட்ட பிறகு 3 மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருந்து திடீரென ரத்தத்தில் அதிகம் கலந்தால் மயக்கம், குழப்பம் வரலாம். இது அரிதுதான். ஆனாலும் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது.

இன்னொன்று, சில ஊசிகள் முழுப் பலன் தர நாளாகும். முதல் சில வாரங்கள் மாத்திரையும் போடச் சொன்னால், "ஊசிதான் போட்டாச்சே" என்று நிறுத்திவிடக் கூடாது.

எந்த அறிகுறி ஆபத்து?

கை நடுக்கம், ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எடை கூடுவது, மாதவிடாய் தள்ளிப்போவது ஆகியவற்றை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டும். தவிப்பு தாங்க முடியலைன்னா காத்திருக்கத் தேவையில்லை, உடனே போகலாம். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போனால் மருந்து கொடுத்துச் சரிசெய்துவிடலாம்.

கடும் காய்ச்சலோடு உடல் கட்டை போல விறைப்பது, வியர்த்துக் கொட்டுவது, பேச்சு குழறுவது ஆகியவை சேர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. இதைச் சாதாரண வைரல் காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, எந்த ஊசி, எந்தத் தேதியில் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஊசிச் சீட்டை போட்டோ எடுத்து போனில் வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

தேதி தவறினால்?

சில நாள் தள்ளிப்போனால் பதற வேண்டாம், டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டு ஊசி போடுவது தவறு. அதிக நாள் விட்டுவிட்டால் சில மருந்துகளை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

"போதை ஊசியா இது?"

இல்லை. இதற்கு யாரும் அடிமையாவதில்லை. கட்டிப்பிடித்துப் போடும் தண்டனையும் அல்ல. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவருக்கு அவரது சம்மதத்தோடுதான் சிகிச்சை தர வேண்டும். விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கினால், அடுத்த தேதியை அவரே ஞாபகம் வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தினசரி மாத்திரைச் சண்டையும் வீட்டில் ஓயும்.

சந்தேகம் இருந்தால் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ஊசியை நிறுத்துவதோ மாற்றுவதோ, சிகிச்சை தரும் மனநல மருத்துவர் சொன்ன பிறகுதான்.